கம்போடியக் கோயில் இடிபாடுகளும் நம் பார்வையும்

முன்னுரை

பள்ளி விடுமுறைக் காலங்களில் நம் நாட்டிலிருந்து கம்போடியாவிற்குச் சென்று வரும் தமிழாசிரியர் பலர். கோலாலம்பூரிலிருந்து சியெம் ரீப்பிற்கு வானூர்தியில் இரண்டு மணி நேரத்தை ஒட்டிய பயணமே. அங்கோர் வாட், பாயோன், தா ப்ரோம் ஆகிய மூன்றையும் இரண்டே நாளில் பார்த்துவிட்டுத் திரும்புவோர் தம் மாணவர்க்கு என்ன சொல்கின்றனர் என்பதே இக்கட்டுரை எழக் காரணமாயிற்று. சென்ற பயணத்தில் நாங்கள் நேரில் கேட்ட ஓர் உரையாடலிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும்.

அங்கோர் வாட்டின் மேற்கு நடைபாதையில் விடியற்காலையில் நின்றிருந்தோம். எங்கள் குழுவைச் சேர்ந்த ஆசிரியர் ஒருவர், உடன் வந்த இளைஞர்களிடம், "இதைக் கட்டியவர்கள் நம் சோழர்கள்" என்று பெருமிதத்துடன் கூறினார். கெமர் வழிகாட்டிக்குத் தமிழ் தெரியாது. எனினும் 'சோழ' என்னும் சொல்லை அவர் பலமுறை கேட்டிருக்கிறார் போலும். என்ன சொன்னார் என்று ஆங்கிலத்தில் வினவி அறிந்தபின், சற்றும் சினமின்றி அவர் கேட்டது இதுதான்: "அப்படியென்றால், ஐயா, அக்காலத்தில் எங்கள் பாட்டன்மார் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?"

எங்களுள் எவரும் உடனே விடை கூறவில்லை. அவ்வினாவிற்குக் கல்வெட்டுகளே விடை வைத்திருக்கின்றன. அவ்விடையைத் தமிழ் கற்பிப்போர் அறிந்திருத்தல் வேண்டும் என்பதே எம் கருத்து.

கட்டடம் கூறுவது

முதலில் கட்டடத்தையே நோக்குவோம். அங்கோர் வாட், 1113இல் ஆட்சிக்கு வந்த இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்கு எடுப்பித்த கோயில். ஏறத்தாழ 190 மீட்டர் அகலமுள்ள அகழி அதனைச் சூழ்ந்துள்ளது. உள்ளே படிப்படியாக உயரும் மூன்று அடுக்குகள். உச்சியில் மேரு மலையின் கொடுமுடிகளைக் குறிக்கும் ஐந்து கோபுரங்கள். நடுக்கோபுரம் தரையிலிருந்து 65 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. கோயில் மேற்கு நோக்கியது. இவற்றுள் எதுவும் தஞ்சைப் பெரிய கோயிலின் அமைப்பிலிருந்து பெறப்பட்டதன்று. 1010இல் நிறைவுற்ற தஞ்சை விமானம் கருவறையின்மீது எழும் உள்ளீடற்ற கட்டுமானம். அங்கோர் வாட்டோ செயற்கை மலையொன்றின் மேல் அமர்ந்திருப்பது. கோயிலை மலையாகவே கட்டும் இம்மரபு கெமர் நாட்டில் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே உருப்பெற்றுவிட்டது. 802இல் குலன் மலையில் இரண்டாம் ஜெயவர்மன் தன்னைப் பேரரசனாக அறிவித்துக்கொண்ட சடங்கைப் பதினோராம் நூற்றாண்டின் ஸ்டோக் காக் தோம் கல்வெட்டு விரிவாகக் கூறுகிறது. தஞ்சையில் விசயாலயன் சோழராட்சியை நிறுவியது அதற்குப் பின்னரே என்பது கால வரிசையை அறிந்தோர்க்குத் தெரியும்.

சுற்று மண்டபங்களின் புடைப்புச் சிற்பங்களும் இவ்வாறே. பாற்கடல் கடையும் காட்சி மட்டும் ஏறத்தாழ 49 மீட்டர் நீளம். கதை நாம் அறிந்தது. அதனை ஒரே தொடர்ச் சுவராக, நடந்துகொண்டே படிக்கும் ஏடுபோல விரித்த முறை அவர்களுடையது. 'வர்மன்' என்னும் பெயரீற்றைக் கண்டு மன்னர்களைப் பல்லவராகக் கொள்வாரும் உளர். வடமொழிப் பெயர் சூடிய மன்னரெல்லாம் இந்தியரே என்றால், சாவகத்தின் பூர்ணவர்மனையும் போர்னியோவின் மூலவர்மனையும் என் செய்வது?

கல்வெட்டுகள் கூறுவன

கெமர்க் கல்வெட்டுகள் பெரும்பாலும் இருமொழியின. கடவுளையும் மன்னனையும் போற்றும் பகுதி வடமொழிச் செய்யுளில் அமையும். நிலம், எல்லை, கால்நடை, நெல்லின் அளவு, கோயிற் பணியாளர் பெயர் ஆகியவற்றைக் கூறும் பகுதி பழங்கெமர் உரைநடையில் அமையும். மெய்க்கீர்த்தியையும் கொடை விவரத்தையும் ஒரே கல்வெட்டில் கண்டு பழகிய நமக்கு இவ்வமைப்பு புதிதன்று. எழுத்து, தென்னிந்திய எழுத்து வடிவத்திலிருந்து கிளைத்தது. பல்லவ கிரந்தத்தின் உறவினது. ஆண்டு குறித்த மிகப் பழைய கெமர் மொழிக் கல்வெட்டு 611ஆம் ஆண்டினது. அதாவது, அப்பர் வாழ்ந்த நூற்றாண்டிலேயே கெமர் மக்கள் தம் மொழியைக் கல்லில் எழுதிக்கொண்டிருந்தனர்.

வழிகாட்டியின் வினாவிற்கு விடை இந்தக் கெமர்ப் பகுதிகளில்தான் உள்ளது. அவருடைய பாட்டன்மார் அங்கே பெயர் பெயராகப் பட்டியலிடப்பட்டுள்ளனர். கோயிலுக்குக் கொடுக்கப்பட்ட ஊழியரைக் குறிக்கும் பழங்கெமர்ச் சொல் 'க்ஞும்' என்பது. அடிமை எனப் பலரும், பணியாளர் எனச் சிலரும் அதற்குப் பொருள் கொள்வர். வியப்பு என்னவெனில், இன்றைய கெமர் மொழியில் 'நான்' என்று பணிவுடன் கூறுவதற்குரிய சொல்லும் அதுவே. கடைக்காரர், ஆசிரியர், ஓட்டுநர் என எவரும் தம்மைக் குறிக்க நாள்தோறும் பன்முறை சொல்லும் 'க்ஞோம்', அக்கல்வெட்டுச் சொல்லின் வழி வந்தது. 'அடியேன்' என்னும் சொல்லை உடைய நமக்கு இப்பொருள் மாற்றத்தை விளக்க வேண்டுவதில்லை. மொழி வகுப்பில் எடுத்துக்காட்டுவதற்கு இதனினும் சிறந்த ஒப்புமை எமக்குக் கிட்டவில்லை.

எண்ணிக்கையைக் காண விரும்புவோர் தா ப்ரோம் கல்வெட்டைக் காண வேண்டும். ஏழாம் ஜெயவர்மன் 1186இல், தன் தாயின் சாயலில் பிரஞ்ஞாபாரமிதையின் திருவுருவை எழுந்தருளச் செய்த பௌத்தக் கோயில் அது. பெருமரத்தின் வேர்கள் சுவரைக் கவ்வியிருக்கும் இடத்தில் படமெடுத்துக்கொள்ள வரிசையில் நிற்போருள், அக்கோயிலுக்காக 3,140 ஊர்கள் உழைத்தன என்பதை அறிந்தோர் எத்தனை பேர்? கோயிலுக்குள் தங்கும் உரிமை பெற்றோர் 12,640 பேர். அவர்களுள் ஆடல் மகளிர் 615 பேர். பணி செய்தோரின் மொத்த எண்ணிக்கை 79,365 என்கிறது கல்வெட்டு. அவர்களுள் பர்மியரும் சம்பரும் இருந்தனர் என்றும் கூறுகிறது. அவர்கள் போரில் பிடிபட்டு வந்தோராகலாம். தஞ்சைக் கோயிலின் தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரின் பெயர்களைப் படித்தபோது ஏற்படும் அதே உணர்வு இங்கும் ஏற்படுகிறது: கோயிலின் பெருமை ஒருபுறம், அதனைத் தாங்கிய தோள்களின் கணக்கு மறுபுறம்.

அத்தோள்கள் எங்கே வாழ்ந்தன என்பதை ஒரு சீனர் எழுதிவைத்தார். 1296 முதல் 1297 வரை ஏறத்தாழ ஓராண்டு அங்கோரில் தங்கிய சௌ தாகுவான் என்னும் தூதுக்குழுவினர், பொதுமக்கள் கூரை வேய்ந்த குடில்களிலேயே வாழ்ந்தனர், ஓடு வேய அவர்கள் துணியார் என்று குறிக்கிறார். வணிகம் பெண்கள் கையில் இருந்தது என்றும், கடை என்று தனியே இல்லை, தரையில் பாய் விரித்து விற்றனர் என்றும் கூறுகிறார். பாயோன் கோயிலின் வெளிச்சுற்றில் இக்காட்சிகள் கல்லிலேயே உள்ளன: மீன் விற்பவள், எடை நிறுப்பவன், சேவற்போர், பேறுகாலப் பெண், அடுப்பில் கொதிக்கும் பானை. அரசர்க்குரிய கோபுர முகங்களை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிப்போர் சற்றே குனிந்து இச்சுவரைக் காண்பது நன்று. மரமும் ஓலையும் மண்ணோடு போயின. கல் மட்டும் நின்றது. ஆகவேதான் அங்கோர் ஆளற்ற கோயில்களின் காடுபோல் தோன்றுகிறது.

ஏழாம் ஜெயவர்மனைப் பற்றி மேலும் ஒரு செய்தி. தா ப்ரோம் கல்வெட்டு நாடெங்கும் 102 மருத்துவசாலைகள் இருந்ததாகக் கூறுகிறது. 'ஆரோக்கியசாலை' என்பது அவற்றின் பெயர். இதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்னர், வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு பதினைந்து படுக்கைகளைக் கொண்ட 'வீரசோழன் ஆதுலசாலை'யைக் குறிக்கிறது. யார் யாரிடமிருந்து பெற்றனர் என்று வழக்காட வேண்டியதில்லை. இரு நாட்டிலும் கோயிற் பொருளாதாரம் நோயாளிக்குச் சோறும் மருந்தும் அளந்தது என்பதே ஒப்பிடத்தக்கது. இன்று சியெம் ரீப்பில் ஏழைக் குழந்தைகளுக்குக் கட்டணமின்றி மருத்துவம் செய்யும் காந்தா போபா மருத்துவமனைக்கும் ஏழாம் ஜெயவர்மன் பெயரே இடப்பட்டுள்ளது. அங்கோர் நுழைவுச்சீட்டு ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு அமெரிக்க டாலர் காந்தா போபாவிற்குச் செல்கிறது.

இழப்பின் வரலாறு

நுழைவுச்சீட்டு 2017 முதல் ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62 டாலர். 2025இல் அந்நாட்டு ஆடைத் தொழிற்சாலைத் தொழிலாளரின் மாதக் குறைந்தபட்ச ஊதியம் 208 டாலர் என்பதோடு இதனை வைத்துப் பார்க்க வேண்டும். கம்போடிய மக்களுக்குக் கட்டணம் இல்லை, அது முறையே. அவர்களுக்கு அது கோயில். அங்கோர் வாட்டில் இன்றும் பௌத்தத் துறவியர் உள்ளனர். திருமால் திருவுருவிற்கு மஞ்சள் ஆடை சாத்தி ஊதுவத்தி ஏற்றி வழிபடுகின்றனர். 'இடிபாடு' என்னும் சொல்லைத் தலைப்பில் நாம் பயன்படுத்தியிருப்பினும், முழுமையாக அது பொருந்தாது.

வறுமை என்பது அந்நாட்டின் இயல்பன்று. அதற்கு அண்மைக் கால வரலாறு உண்டு. 1975 முதல் 1979 வரையிலான கெமர் ரூஜ் ஆட்சியில் ஏறத்தாழ 17 இலட்சம் முதல் 20 இலட்சம் பேர் மாண்டனர் எனக் கணக்கிடப்படுகிறது. கற்றோர் குறிவைத்துக் கொல்லப்பட்டனர். பயிற்சி பெற்ற தொல்லியலாளர்களுள் உயிர் பிழைத்தோர் மிகச் சிலரே. இதன் விளைவைப் பாபுவோன் கோயிலில் காணலாம். பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கோயிலை மீண்டும் அடுக்குவதற்காக, 1960களில் பிரெஞ்சு அறிஞர்கள் ஏறத்தாழ மூன்று இலட்சம் கற்களைப் பிரித்து எண்ணிட்டுக் காட்டில் பரப்பிவைத்தனர். உள்நாட்டுப் போர் வந்தது. எந்தக் கல் எங்கே என்பதைக் குறித்த ஆவணங்கள் அழிந்தன. 1995இல் பணி மீண்டும் தொடங்கியபோது ஒவ்வொரு கல்லாக அளந்து, அதன் பக்கத்துக் கல்லைத் தேடவேண்டியதாயிற்று. 2011இல்தான் பணி முடிந்தது. ஏடு அழிந்தால் நூல் அழியும் என்பதை உ.வே.சா. வழி அறிந்த நமக்கு, கட்டடமும் அவ்வாறே அழியக்கூடும் என்பது பாபுவோனில் விளங்கும்.

இந்தியாவின் பங்கையும் கூற வேண்டும். பல நாடுகள் அந்நாட்டு அரசை ஏற்காதிருந்த காலத்தில், 1986 முதல் 1993 வரை இந்தியத் தொல்லியல் ஆய்வகம் அங்கோர் வாட்டில் செப்பனிடும் பணியை மேற்கொண்டது. கல்லைத் துப்புரவாக்கக் கையாண்ட முறை பின்னர்க் கடுமையான விமர்சனத்திற்கு உள்ளாயிற்று என்பதும் உண்மையே. எம்மைப் பொறுத்தவரை, கண்ணிவெடிகள் புதைந்த நாட்டிற்கு வேறெவரும் வாராதபோது சென்றது பெரிது.

திருட்டு இன்னொரு வகை இழப்பு. பத்தாம் நூற்றாண்டில் நான்காம் ஜெயவர்மன் தலைநகராக்கிய கோ கெரில், பிராசாத் சென் என்னும் கோயில் உள்ளது. வீமனும் துரியோதனனும் கதைப்போர் தொடங்கும் கணமும், சூழ நின்று பார்ப்போரும் ஆளுயரச் சிலைகளாக அங்கே அமைக்கப்பட்டிருந்தன. 1970களின் போர்க்காலத்தில் அவை கணுக்காலோடு வெட்டி எடுக்கப்பட்டு, கள்ளச்சந்தை வழியாக மேலைநாடுகளை அடைந்தன. பீடங்களோடு பாதங்கள் மட்டும் எஞ்சின. பிற்காலத்தில் துரியோதனன் சிலை நியூயார்க்கில் ஏலத்திற்கு வந்தபோது, அந்தப் பாதங்களே சாட்சியாயின. துரியோதனனும் வீமனும் பலராமனும் 2014இல் நாடு திரும்பினர். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2013இல் இரண்டு சிலைகளைத் திருப்பியளித்தது; 2023இல் மேலும் பதினான்கைத் திருப்பித் தர இசைந்தது. வில்லிபாரதம் கற்பிக்கும் ஆசிரியர், கதைப்போருக்குப் பின் துரியோதனனுக்கு நேர்ந்த இவ்விரண்டாம் தொடைமுறிவையும் சேர்த்துக் கூறலாம்.

இன்னும் ஓர் இழப்பு முடிந்துவிடவில்லை. அங்கோர் 1992இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டபோது, அதன் எல்லைக்குள் நூற்றுக்கு மேற்பட்ட சிற்றூர்கள் இருந்தன. 2022 முதல் ஏறத்தாழ 10,000 குடும்பங்களை அங்கிருந்து ரன் தா ஏக் முதலிய புதுக்குடியிருப்புகளுக்கு இடம் மாற்றும் பணி நடைபெற்றது. விருப்பத்தின் பேரிலேயே சென்றனர் என்கிறது அரசு. அவர்கள் வலிந்து வெளியேற்றப்பட்டனர் என்று பன்னாட்டு மன்னிப்பு அவை 2023இல் அறிக்கை வெளியிட்டது. கோயிலின் அருகே பழமும் நொங்கும் விற்றுப் பிழைத்தோர்க்குத் தொலைவில் ஒரு மனையும் கூரைத் தகடுகளும் கிடைத்தன. பாயோன் சுவரில் பாய் விரித்து மீன் விற்பவளைப் படமெடுக்கிறோம்; அவள் வழியினள் சுவருக்கு வெளியே இருந்தால் காட்சிக்கு இடையூறு என்கிறோம். இம்முரண் எங்களை உறுத்தியது.

உண்மையான தமிழ்த் தொடர்பு

அவ்வாறாயின் தமிழர்க்கும் இக்கோயில்களுக்கும் தொடர்பே இல்லையா என்னும் வினா எழும். உண்டு. கரந்தைச் செப்பேடு, காம்போச அரசன் முதலாம் இராசேந்திரனுக்குத் தேர் ஒன்றை அனுப்பி நட்பு நாடினான் என்கிறது. 1114ஆம் ஆண்டுச் சிதம்பரம் கல்வெட்டு, காம்போச அரசன் சோழ வேந்தனுக்குக் காட்டிய அரிய கல்லொன்று தில்லைக் கோயிலில் பதிக்கப்பட்ட செய்தியைத் தருகிறது. அங்கோர் வாட்டிற்குச் சோழர் கல் எடுத்துச் சென்றதற்குச் சான்றில்லை. அங்கிருந்து தில்லைக்குக் கல் வந்ததற்கு உண்டு!

இதனினும் நுண்ணிய தொடர்பு பந்தேய் ஸ்ரீ கோயிலில் உள்ளது. 967இல் குடமுழுக்குச் செய்யப்பட்ட இச்சிவன் கோயிலை எடுப்பித்தவன் மன்னன் அல்லன். யஞ்ஞவராகன் என்னும் அரசகுரு. செந்நிற மணற்கல்லில் மரச்செதுக்குப் போன்ற வேலைப்பாடு. 1923இல் பிரெஞ்சு எழுத்தாளர் ஆந்திரே மால்ரோ இங்கிருந்து பெண் தெய்வச் சிற்பங்களைப் பெயர்த்தெடுத்துச் சென்று கைதானார். அவரே பின்னாளில் பிரான்சின் பண்பாட்டு அமைச்சர். உட்சுற்றின் கிழக்கு வாயில் முகப்பில் சிவபெருமான் பல கரங்களுடன் ஆடுகிறார். அவர் அடியருகே வற்றிய முலையும் என்பு தோன்றும் உடலுமாக ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். பெயர் பொறிக்கப்படவில்லை. ஆயினும் ஆடும் இறைவன் அடிக்கீழ்ப் பேய் வடிவில் இருப்பவள் காரைக்கால் அம்மையார் என்றே அறிஞர் பலர் கொள்வர்.

இதன் காலத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். சேக்கிழார் அம்மையார் வரலாற்றைப் பாடியது பன்னிரண்டாம் நூற்றாண்டில். கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடவல்லானுடன் அம்மையார் செதுக்கப்பட்டது பதினோராம் நூற்றாண்டில். பந்தேய் ஸ்ரீ இரண்டிற்கும் முந்தியது; செம்பியன் மாதேவியார் சோழநாட்டுக் கோயில்களைக் கற்றளியாக்கிய காலத்தை ஒட்டியது. படையும் கப்பலும் கொண்டு சென்றிருக்க முடியாத ஒன்று, ஓர் அடியவரின் உருவம், அத்தொலைவு சென்றிருக்கிறது. எவர் வழிச் சென்றது? வணிகரோ துறவியரோ ஓவியத்துணியோ, அறியோம். சென்றபின் அவ்வுருவைச் செதுக்கியது கெமர்ச் சிற்பியின் உளி. அவளுடைய முகச்சாயலும் அணியும் அந்நாட்டிற்கே உரியன.

அம்முகப்பின் எதிரே நிழலில் நின்றபடி, வழிகாட்டியிடம் அம்மையார் வரலாற்றைக் கூறினோம். மாங்கனி, கணவன் அஞ்சி நீங்கியது, அழகை உதறியது, தலையால் நடந்து கயிலை சென்றது. அவர் இடையிடையே வினவினார். பல ஆண்டுகளாக அவ்வுருவைப் 'பசித்த கிழவி' என்று மட்டுமே பயணியர்க்குக் காட்டி வந்ததாகச் சொன்னார். பிறகு சட்டைப்பையிலிருந்து சிறு குறிப்பேட்டை எடுத்து, பெயரை மெதுவாகச் சொல்லும்படி கேட்டு, கெமர் எழுத்தில் எழுதிக்கொண்டார். நடைபாதையில் சோழர் என்று சொன்ன அந்த ஆசிரியர்தான் ஒவ்வோர் அசையாகச் சொன்னவர். இறுதி 'ர்' சரியாக வரும்வரை இருவரும் விடவில்லை.